முப்பத்தேழாம் நெஞ்சு

ஜனவரி 8, புதன்

துரைசிங்கம் சாருக்கு ஏதோ கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. அட்டை பளபளவென்று இருக்கிறது. சார் குப்பைக் கூடையில் போட்டார், நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவதோடு நின்றுபோன கை என்னுடையது. எழுத்து கோணலாகப் போனால் போகட்டும், இதை வைத்துப் பரீட்சையா எழுதப்போகிறேன்.

நான் கூட்டித் துடைக்கிற இடத்துக்கு உயிர்மருத்துவத் தகவலியல் துறை என்று பெயர். பஸ்ஸில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரி என்பேன். கட்டில் கிடையாது, ஊசி கிடையாது, மருந்து வாசனை கிடையாது. பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் படுத்துக்கிடக்கிறவர்களின் படமும் கேஸ் ஷீட்டும் மட்டும் இங்கே வரும். ஆள் வரமாட்டார்.

இரண்டாம் மாடியில் இரண்டு கூட்டம். கிழக்கே துரைசிங்கம் சார் கூட்டம். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொல்ல மெஷினுக்குப் பாடம் நடத்துகிறார்கள். மேற்கே கோமளா மேடம் கூட்டம். டாக்டர்கள் கிறுக்கிய கேஸ் ஷீட்டை வாசிக்க மெஷினுக்குச் சொல்லித் தருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர், ஒரு கழிப்பறை, நான். மூன்றுக்கும் சண்டை.

நடுவில் நாற்காலி போட்டு வாட்ச்மேன் சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவர் இல்லாவிட்டால் இந்த மாடியில் நான் வாயாட ஆளே கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் திரையைத்தான் பார்த்துப் பேசுவார்கள்.

ஜனவரி 22, புதன்

இன்றைக்கு எனக்கு ஆள் பிடிக்கிற வேலை.

சார் கூட்டத்துக்கு நோயாளிகளின் படம் மூட்டை மூட்டையாக இருக்கிறதாம். நல்ல நெஞ்சுப் படம்தான் இல்லையாம். நன்றாக இருக்கிறவன் எவன் போய் எக்ஸ்ரே எடுப்பான்? அதனால் சார் என்னைக் கூப்பிட்டார். “பஞ்சவர்ணம்மா, நீங்க சொன்னா எல்லாரும் வருவாங்க. படம் எடுத்துக்கிட்டா பிரியாணி, தொப்பி.”

தோட்டக்காரர், லிஃப்ட்காரர், டீக்கடை மாமா, துப்புரவுப் பெண்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சவரி அண்ணன் மட்டும் வரமாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, பிரியாணியில பீஸ் பெருசாம்” என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

மதிவதனி வாசலில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். சார் கூட்டத்தில் பிஎச்.டி. படிக்கிற பிள்ளை. மாடி முழுவதிலும் என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ஒவ்வொருவரிடமும் இருமல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் தட்டினாள். சவரி அண்ணன் முறை வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அவருக்கு என்ன தாயி நோவு? உக்காந்து உக்காந்து நாற்காலிக்குத்தான் நோவு.”

வரிசையே சிரித்தது. மதியும் சிரித்துக்கொண்டே இல்லை, இல்லை, இல்லை என்று தட்டிவிட்டாள். அண்ணன் சிரித்ததில் இருமல் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே இன்னொரு கூத்து. கழுத்துச் சிலுவையைக் கழட்டச் சொன்னார்கள். “வேளாங்கண்ணியில போட்டது. செத்தாலும் கழட்டமாட்டேன்” என்றார். எக்ஸ்ரே எடுக்கிறவர், “நோயாளி இல்லையே, பரவாயில்லை” என்று அப்படியே எடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும், “எங்க நெஞ்சைப் பாத்து யாரு சொல்லுவா?” என்று மதியிடம் கேட்டேன்.

“நீங்கதான் நல்லா இருக்கீங்களே அக்கா. நோயாளிங்க படத்தைத்தான் டாக்டர் பார்த்துச் சொல்லுவார். உங்க படமெல்லாம் நேரா நல்லவங்க பெட்டிக்குப் போயிரும். பேரை வெட்டிட்டு நம்பர் போட்டுருவோம். யாரு எந்த நம்பர்னு எங்களுக்கே தெரியாது.”

நல்ல விஷயம்தான். என் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று ஊருக்கு எதற்குத் தெரியவேண்டும்.

சவரி அண்ணன் பிரியாணியில் பாதியைக் கட்டி வைத்துக்கொண்டார். “மதினிக்கா?” என்று கேட்டேன். வெட்கப்பட்டார். இந்த வயசில்.

பிப்ரவரி 10, திங்கள்

மெஷினுக்குப் பரீட்சை வைத்தார்கள். நல்லவர்கள் பெட்டியில் முப்பத்தேழாம் நம்பர் படத்தை மட்டும் நோய் என்கிறதாம். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். மேற்குக் கூட்டத்தின் மெஷின் நிறைய மார்க் வாங்கிவிட்டதாம். சார் முகம் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது.

மாடி முழுக்க முப்பத்தேழு ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. பிரிண்டர் நின்றால் முப்பத்தேழு. லிஃப்ட் மக்கர் பண்ணினால் முப்பத்தேழு. சொன்னதைக் கேட்காத எல்லாமே முப்பத்தேழு.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். சவரி அண்ணன் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். நான் அவர் காலடியில் துடைக்கிறேன், காலைத் தூக்கமாட்டேன் என்கிறார்.

“காலத் தூக்குண்ணே.”

“தவக்காலம். என்னைய வம்புக்கு இழுக்காத.”

“சரியான முப்பத்தேழு நீரு.”

அது என்ன என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. நாற்பது நாளைக்குக் கறி கிடையாது என்பதால் இளைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தோன்றியது, தவக்காலம் இன்றைக்குத்தானே ஆரம்பம்.

மார்ச் 19, புதன்

காலையில் மதி அறையைக் கூட்டப் போனேன். பெரிய திரையில் ஒரு நெஞ்சுப் படம். விலா எலும்பெல்லாம் வரிவரியாக. இடது பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, சிவப்பாக ஒரு திட்டு. மெஷின் அங்கேதான் நோய் என்று காட்டுகிறதாம்.

“இதுதான்க்கா நம்ம முப்பத்தேழு. ஒருவழியா கண்டுபிடிச்சிட்டோம். இங்க பாருங்க, கழுத்துக்குக் கீழ ஏதோ உலோகம். அதப் பாத்துத்தான் மெஷின் குழம்புது.”

பார்த்தேன். கழுத்துக்குக் கீழே சின்னதாக, வெள்ளையாக, ஒரு சிலுவை.

“சிலுவையக் கண்டு பயப்படுதுன்னா உங்க மெஷினுக்குப் பேய்தான் புடிச்சிருக்கு” என்றேன். மதி கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். குப்பைக் கூடையைக் கையில் எடுத்தும் வாசல்வரை போகத் தோன்றவில்லை.

“ஏன் தாயி, அது நம்ம சவரி அண்ணன் சிலுவை மாதிரியில்ல இருக்கு?”

அவள் சட்டென்று கதவைப் பார்த்தாள். “அக்கா, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சா விதியை மீறினதா ஆயிரும். எடுத்த படம் அத்தனையும் தூக்கிப் போடணும். எங்க வேலையே போச்சு.”

“அந்தச் செவப்பு?”

“அது சும்மா. சிலுவையால வந்தது. அவரே நல்லா இருக்கேன்னு சொல்லித்தானே எடுத்தோம்?”

அவரே சொன்னாராம்.

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சவரி அண்ணனை முப்பத்தேழு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கேலி பழசாகிவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

கிழக்குக் கூட்டத்தில் கேக் வெட்டினார்கள். கிரீம் தரையெல்லாம், துடைக்க நான்.

நடந்ததை மதி சொன்னாள், பாதி சந்தோஷமாக, பாதி எப்படியோ. படத்திலிருந்து சிலுவையை அழித்தார்களாம். அழித்த பிறகும் மெஷின் அதே இடத்தில் நோய் என்றதாம். இவள் சாரிடம் போய்ச் சொன்னாளாம்.

“சார் என்ன சொன்னாக?”

“‘படம் எந்தப் பெட்டியில இருக்கு? நல்லவங்க பெட்டி. அப்ப தப்பு மெஷின் பேர்லதான். திருத்து’ன்னார். மேற்குக் கூட்டம் அடுத்த வாரம் கட்டுரை அனுப்புறாங்களாம்.”

அந்த ஒரு படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, இது நல்ல நெஞ்சு, இது நல்ல நெஞ்சு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் மெஷினும் ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. நான் தப்பு என்று நானே ஒப்புக்கொள்கிறவரை அவரும் இப்படித்தான் விடமாட்டார்.

சவரி அண்ணனுக்கு ஒரு துண்டு கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தவக்காலத்தில் வேண்டாம் என்றார். அப்புறம் சாப்பிட்டார்.

ஜூன் 16, திங்கள்

துரைசிங்கம் சார் கூட்டத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டது. முப்பத்தேழைத் திருத்திய கதையைப் பெரிய போஸ்டராக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டியாயிற்று. சவரி அண்ணன் நாற்காலிக்கு நேர் மேலே.

போஸ்டரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெஞ்சு. முதலில் சிலுவையும் சிவப்புத் திட்டும். இரண்டாவதில் சிலுவை இல்லை, சிவப்பு இல்லை, ஓரத்தில் பச்சை டிக். தினமும் தூசி தட்டவேண்டும் என்று எனக்கு உத்தரவு.

“யாரு நெஞ்சு பஞ்சு இது?” என்று அண்ணாந்து பார்த்தார் அண்ணன்.

“சினிமா நடிகன் நெஞ்சு. உம்ம நெஞ்சையா இவுக மாட்டப்போறாக?”

சிரித்தார். காக்கிச் சட்டை தோளில் தொங்குகிறது. பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்.

“அண்ணே, ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்.”

“போகணும். லீவு கேட்டா ஏஜென்சிக்காரன் வேற ஆளப் போட்டுருவான்.”

“நான் பாத்துக்கிறேன் உங்க நாற்காலிய. தூங்குறதுதானே வேலை?”

ஜூலை 11, வெள்ளி

ஒருவழியாக வழிக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியாயிற்று, பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். ஆரோக்கியம் மதினியும் கூடப் போகிறது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்றதற்குக்கூட நான் சண்டை போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

மெஷின் திறப்பு விழா. வண்டி ஒன்றில் எக்ஸ்ரே பெட்டி, பந்தல், மாலை, பன்னீர். முதலில் நம்ம ஊழியர்களுக்கே இலவசமாகப் பார்ப்போம் என்று சார் மைக்கில் சொன்னார். போட்டோ எடுக்கிறவர்கள் காக்கிச் சட்டை போட்ட ஆளாக ஒருவரைக் கேட்டார்கள். சவரி அண்ணனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

இந்தத் தடவையும் சிலுவையைக் கழட்டவில்லை. கழட்டத் தேவையில்லை, அதற்கெல்லாம் எங்கள் மெஷின் இப்போது ஏமாறாது என்று சார் பெருமையாகச் சொன்னார்.

திரையில் பச்சை விளக்கு. ‘நலம்’ என்று பெரிய எழுத்தில். எல்லாரும் கைதட்டினார்கள். சார் அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மதி பந்தல் ஓரத்தில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் செருப்பைப் பார்த்தாள்.

அண்ணன் என்னிடம் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். “பாத்தியா பஞ்சு? பச்ச வௌக்கு! டாக்டரு கண்ணுக்குத் தப்புறதெல்லாம் இது புடிச்சிருமாம், சாரே சொன்னாரு. நாளைக்கு இனி ஆஸ்பத்திரி எதுக்கு? லீவு மிச்சம்.”

“இல்லண்ணே. சொன்னது சொன்னபடி போயிட்டு வாங்க.”

“அடப் போடி. ஒன் பேச்சக் கேக்கவா, மெஷின் பேச்சக் கேக்கவா?”

எனக்கு வாய் இல்லாமலா போயிற்று. இருந்தது. பந்தலில் அத்தனை பேர், சார் பக்கத்திலேயே நின்றார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் நாற்காலியில் அண்ணன். வேலைக்கு வந்துவிட்டார். போஸ்டரைத் துடைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற மனுஷன். இந்த வருஷம் பாதி வழியிலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்கி ரோட்டோரம் உட்கார்ந்தவர் கைக்குட்டையில் ரத்தத்தைக் கண்டிருக்கிறார்.

மதினி போன் பண்ணியது. “மாதா கோவிச்சுக்கிட்டாளா பஞ்சு?” என்று கேட்கிறது. மாதாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றேன். வேறு எதுக்குச் சம்பந்தம் என்று மதினி கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. இடது நுரையீரலில் கட்டி. ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டதாம். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “போன வருஷக் கடைசி, இந்த வருஷ ஆரம்பம்னு வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமேம்மா” என்றார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து, “பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லையே டாக்டரு” என்றார், தப்பு எங்கே நடந்தது என்று கணக்குப் பார்க்கிறவர் மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்து, “அந்தப் பச்ச வௌக்கு மட்டும் இல்லேன்னா ரொம்ப முன்னாடியே பயந்து செத்திருப்பேன்” என்று சிரித்தார்.

நான் ஆப்பிள் நறுக்கினேன். ரொம்ப நேரம் நறுக்கினேன்.

செப்டம்பர் 10, புதன்

மதியிடம் சொன்னேன். “எந்தப் பக்கம்க்கா?” என்றாள்.

“இடது. மேல. காறை எலும்புக்குக் கீழ.”

எழுந்து சார் அறைக்குப் போனாள், கதவு சாத்தியது. நான் அந்தக் கதவுக்கு வெளியே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். சார் சத்தம்போடவில்லை. அவர் எப்போதும் தன்மையாகத்தான் பேசுவார்.

வெளியே வந்தவள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். பின்னாலேயே போனேன்.

“நம்பருக்கு ஆள் கிடையாதுன்னுட்டார் அக்கா. யாருன்னு நாம தேடினதே குத்தமாம். ஆயிரக்கணக்குல ஒரு படம், ஒண்ணும் ஆகாதாம். மெஷின் மத்த எல்லாத்தையும் சரியாத்தானே சொல்லுதுன்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“டிசம்பர்ல எனக்குப் பட்டம் அக்கா.”

மார்ச் மாசம் இதே பிள்ளையிடம் நான் மட்டும் என்ன சொல்லிவிட்டேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியும்போது சவரி அண்ணன் போய்விட்டார். சிலுவையைக் கழட்டாமல்தான் புதைத்தார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

பெரியாஸ்பத்திரியிலிருந்து இந்த மாசத்துச் சரக்கு வந்தது. கேஸ் ஷீட்டெல்லாம் மேற்குக் கூட்டத்துக்கு, படமெல்லாம் கிழக்குக்கு. பேரை வெட்டித்தான் வரும்.

மதி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திரையில் ஒரு நெஞ்சு. இடது பக்கம் பாதி வெள்ளையாக அடைத்துக்கிடக்கிறது, எனக்கே தெரிகிறது. கழுத்துக்குக் கீழே சிலுவை.

“நோயாளிங்க பெட்டியில வந்திருக்கு. புது நம்பர்.”

“மெஷின் என்ன சொல்லுது?”

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். பச்சை.

“நலம்னு சொல்லுதுக்கா” என்று சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நான் அவள் முதுகைத் தடவவில்லை. தடவியிருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

ஆரோக்கியம் மதினி வந்தது. அண்ணனின் டிபன் பாக்ஸ், நாற்காலி மெத்தை, மழைக்கோட்டு எல்லாம் வாட்ச்மேன் அலமாரியில் இருந்தன. எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். புது வாட்ச்மேன் மரியாதைக்கு எழுந்து தள்ளி நின்றார்.

“இங்கதான் உக்காருவாரா?”

“இங்கதான் மதினி. என் வாய்க்குப் பயந்துக்கிட்டு.”

மதினி நாற்காலியைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் நிமிர்ந்தது. போஸ்டரைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

“பஞ்சு, இந்தச் சிலுவைக்குக் கீழ்முனை லேசா வளைஞ்சிருக்கு. அவுக சிலுவையும் அப்படித்தான் இருக்கும். பேரப்பய கடிச்சு வளைச்சது.”

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எல்லாச் சிலுவையும் ஒரே மாதிரிதான் மதினி என்று சொல்லியிருக்கலாம். சினிமா நடிகன் நெஞ்சு என்று சொல்லியிருக்கலாம். இந்த வாய்க்கு எது வராது?

“அவுக நெஞ்சுதான் மதினி” என்றேன்.

“இதென்ன செவப்பு?”

“நோவு அங்கன இருக்குன்னு மெஷின் காட்டுது.”

“எப்ப எடுத்த படம்?”

“ஜனவரி மாசம். எங்க எல்லாருக்கும் பிரியாணி போட்டாகளே, அன்னைக்கு.”

மதினி பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. “எனக்குப் பாதி கட்டிக் கொண்டாந்தாரே. அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

புது வாட்ச்மேனிடமிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆணியிலிருந்து போஸ்டரைக் கழற்றினேன். நல்ல கனம். என் சேலை முந்தானையால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்து மதினி கையில் கொடுத்தேன். மதினி அதை வாங்கிக்கொண்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் துரைசிங்கம் சார் வெறும் சுவர் முன்னால் நின்றார். நாளைக்கு டெல்லியிலிருந்து பார்க்க வருகிறார்களாம்.

“பஞ்சவர்ணம்மா, இங்க இருந்த முப்பத்தேழு எங்க?”

“அவுக வீட்டுக்குப் போயிட்டாக சார்.”